பூதத்தின் முதுகு ஜிப்புக்காக ஒரு ஜெபம்

எனக்கு இரண்டே வகை எழுத்துதான் எழுத வரும். ஒன்று ரிப்பேர் சீட்டு, இன்னொன்று ஜெபக் குறிப்பு. பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவனுக்கு (கணக்கு மட்டும் பின்னால் தனியாக வந்து சேர்ந்தது) இதுவே பெரிய விஷயம் என்று இருந்திருக்கலாம். இருக்காமல் மூன்றாவது வகை ஒன்றை எழுதப் போனேன். அதை எழுதி ஏழெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் அதற்கு ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரும்புலியூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை மேசையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். இடது பக்கம் ஸ்தோத்திரம், வலது பக்கம் விண்ணப்பம். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டியதெல்லாம் இடது பக்கம், கேட்டு வாங்க வேண்டியதெல்லாம் வலது பக்கம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அன்று நோட்டை உபதேசியார் கையில் கொடுத்துவிடுவோம். கடைசியாக எழுதிய பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் எல்லாவற்றுக்கும் ஜெபிப்பார்.

ஒரு வரி விடாமல் என்றால், ஒரு வரி விடாமல். ஒருமுறை பம்மலிலிருந்து வந்த கிரைண்டரைப் பற்றி, 'கல் சுற்றவில்லை, முனகல் சத்தம்' என்று தவறி அதில் எழுதிவிட்டேன். அதற்கும் கண்ணீரோடு ஜெபித்தார். மறுநாள் கல் சுற்றியது. (பெல்ட்டையும் மாற்றியிருந்தேன். அதை நான் சாட்சி சொல்லும்போது சேர்க்கவில்லை.)

என் மகள் பிரிசிக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்தோம். பையன் பெயர் சாம். மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். பிள்ளைகளுக்குள் பிடித்துப்போய்விட்டது. பாக்கி இருந்தது பையனுடைய அப்பா ஆசீர்வாதம் சார். சேலையூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அவர் மதித்தது, பழைய இங்கிலீஷ் விண்வெளித் தொடர் ஒன்றை. கறுப்பு வெள்ளை. அதை அவர் பார்க்க ஆரம்பித்து நாற்பது வருஷமாம்.

முதல் சந்திப்பிலேயே என் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"இதுல ஒரே ஒரு எபிசோட் இருக்கு. பாருங்க. அடுத்த வாட்டி பார்க்கறப்போ நிறை என்ன, குறை என்னன்னு சொல்லுங்க. சும்மா பேசிட்டிருக்கலாம்."

அவர் போனதும் பிரிசி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அது சும்மா இல்லப்பா. இதுக்கு முன்னாடி சாமுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சாம். அந்தப் பொண்ணோட அப்பா 'நல்லா இருந்துச்சு'ன்னு ஒரே வார்த்தை சொன்னாராம். அதோட சரி."

"ஒரு வார்த்தைக்கா?"

"யோசிக்காத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னுட்டாராம். ப்ளீஸ்ப்பா. ஒரு நாலு பாயிண்ட் சொல்லிடு."

கதை இதுதான். விண்கப்பல் ஒன்று ஆளில்லாத கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஒரு பாழடைந்த மண்டபம், அதற்குக் காவலாக ஒரு பூதம், உள்ளே ஒரு பெரிய கண்ணாடி. கேப்டன் கண்ணாடியில் முகம் பார்க்கிறார். உள்ளேயிருந்து இன்னொரு கேப்டன் வெளியே வருகிறார். அதே சட்டை, அதே மூக்கு. நான்தான் நிஜம் என்று இருவரும் கப்பலின் டாக்டர் அம்மாவிடம் சத்தியம் செய்கிறார்கள். இருவருமே மனசறிந்து பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் கொடுமை. இருவரில் ஒருவர் மட்டும் இருந்தால்தான் கப்பல் கிளம்பும். கடைசியில், தான்தான் நகல் என்று அறிந்துகொண்டவர், யாரும் தள்ளாமல் தானே கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார்.

மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் பிரிசி பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள். மூன்றாம் தரம் நானே அழுதேன். அப்புறம் எழுத உட்கார்ந்தேன். 'நிறை' என்று எழுதி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நகரவில்லை. என் கைக்குத் தெரிந்தது இரண்டு பக்கம்தானே? கடை மேசையில் இருந்த நீள நோட்டை இழுத்தேன். நல்லதெல்லாம் ஸ்தோத்திரம், சரியில்லாததெல்லாம் விண்ணப்பம். பத்தே நிமிஷத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. தாம்பரத்திலேயே பெரிய விமர்சகன் நான்தான் என்று தோன்றியது. நல்ல தாளில் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு என் மனைவி எஸ்தர் சம்பந்தி வீட்டாரையும் அழைத்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் டீ, டீயோடு நிறை குறை என்று ஏற்பாடு. கூட்டம் அதிகமாகிவிட்டதால் நான் எதிர் வீட்டுக்கு நாற்காலி வாங்கப் போனேன். இரண்டு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வருகிறேன், உபதேசியார் ஆரம்பித்திருந்தார். மடியில் என் நோட்டு. எஸ்தர் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்திருக்கிறாள்.

"கேப்டன் சகோதரர் கை ஓங்காமல் பேசித் தீர்த்ததற்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"டாக்டர் அம்மா வாயே திறக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததற்காக ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!"

நான் நாற்காலிகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எட்டிப் பிடுங்கலாமென்றால் நடுவில் பதினைந்து பேர் முழங்காலில் இருக்கிறார்கள். ஜெபத்தில் இருப்பவர்களைத் தாண்டிப் பழக்கமில்லை. ஆசீர்வாதம் சார் முதல் வரிசையில் கண்ணை இறுக மூடியிருந்தார். புருவம் மட்டும் ஒருமுறை துள்ளியது.

உபதேசியார் வலது பக்கத்துக்கு வந்தார்.

"கப்பலின் சுவர் ஆடுகிறது ஆண்டவரே. கேப்டன் சாய்ந்தாலே ஆடுகிறது. அந்தச் சுவரை நீர் தாங்கியருளும்."

அடுத்த தெரு ஞானம் அக்கா தலை நிமிர்ந்தார். அவர் தம்பி மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான்.

"இன்னா கப்பல் அது? எங்க பையன் கூட கப்பல்லதான் கீறான்! ஐயோ, ஆண்டவரே!" என்று குரலெடுத்தார். ஜெபம் சூடு பிடித்துவிட்டது.

"பூதத்தின் முதுகில் இருக்கும் ஜிப்பை நீர் அறிவீர் ஆண்டவரே!"

"பூதமா? அப்பாலே போ!" என்றார் ஞானம் அக்கா. "அப்பாலே போ!" என்று மொத்த வீடும் கை தட்டியது. எஸ்தரும் சேர்ந்து தட்டினாள். (பின்னால் கேட்டால், 'உபதேசியார் சொல்றாரு, எனக்கென்ன தெரியும்' என்றாள்.) பிரிசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று பக்கத்திலிருந்தவர் அவள் தலையில் கை வைத்தார்.

"கேப்டனுக்கு வகிடு முதலில் இடது பக்கம் இருக்கிறது, பிறகு வலது பக்கம்..."

"அது குறை இல்ல!" ஆசீர்வாதம் சாரின் குரல். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "கண்ணாடியிலேர்ந்து வந்தவனுக்கு வகிடு மாறித்தான் இருக்கும். அதுதான் துப்பே!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூன்று தரம் பார்த்த கர்வம் விடவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லைங்க சார். கண்ணாடியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே, கப்பல்ல ஒரு இடத்துல மாறிடுச்சுங்க."

"மாறல!"

"மாறிடுச்சு சார்!"

"இந்த இரண்டு சகோதரர்களுக்கும் ஒருமனதைத் தாரும் ஆண்டவரே" என்று உபதேசியார் அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். "கப்பலின் வேகத்தைக் கூட்டும் திருகு, நம்ம மிக்சி திருகு..."

இப்போது ஆசீர்வாதம் சார் கண்ணைத் திறந்தார்.

"என்னது? மிக்சி திருகா?"

நாற்பது வருஷ பக்தியில் யாரோ கல்லெறிந்த மாதிரி இருந்தது அந்த முகம். உபதேசியார் கடைசி வரிவரை ஜெபித்து ஆமென் சொன்னதும் சார் எழுந்தார். நோட்டில் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்தார். "நான் வரேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு, டீ குடிக்காமல் போய்விட்டார். சாம் எங்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

"நாலு பாயிண்ட்தானேப்பா கேட்டேன்" என்றாள் பிரிசி. என் பெண்ணின் கல்யாணத்தை ஒரு மிக்சி திருகால் கெடுத்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் முறையிட்டேன். நோட்டில் எழுத மட்டும் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஆசீர்வாதம் சார் வந்து நின்றார். கையில் லேப்டாப். அதில் அந்தக் கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகை அசையாமல் நின்றது.

"பழைய மிக்சி இருந்தா எடுங்க."

எடுத்தேன். திருகைக் கழற்றி, திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அதே மாதிரிதான் இருக்கு" என்றார். துக்க வீட்டுக் குரல். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "வகிடும் மாறித்தான் இருக்கு. பிலிமைத் திருப்பி ஒட்டிட்டான் படுபாவி. விடுங்க. கடைசியில ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அதைப் படிங்க."

போனை நீட்டினார். என் கோணல் எழுத்தை நானே படித்தேன்: 'இரண்டாவது கேப்டன் வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.'

"அவனுக்கு ஏதுங்க வீடு? கண்ணாடியிலேர்ந்து வந்தவன்."

"தெரியும் சார். ஆனா அவர் மனசுல ஒரு வீடு இருந்திருக்கும்ல? தான்தான் நிஜம்னு நம்பிக்கிட்டிருந்தவராச்சே." திருகைக் கையில் எடுத்துக்கொண்டேன். "எனக்கு அவரை நல்லா புரிஞ்சுதுங்க சார். ஒரு வாரமா நானும் படிச்சவன் மாதிரி பேசிப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நேத்து டீ குடிக்கல. இங்க கிடைக்குமா, சம்பந்தி?" என்றார்.

கல்யாணம் நடந்தது. அந்தத் திருகு இன்று சேலையூர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது சுவரில் சாய்ந்தால், "விண்ணப்பத்துல இருக்கு, பார்த்து" என்பான் சாம். எஸ்தர் இப்போதெல்லாம் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் நோட்டைக் கொடுக்கிறாள்.

ஒரே ஒரு சங்கடம். ஞானம் அக்காவிடம் அது டிவி கதை என்று சொல்ல இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெபம் முடிந்து டீ வரும்போது கேட்பார்.

"அந்தக் கப்பல்காரப் புள்ள வூட்டுக்குத் தகவல் சொல்லிட்டாங்களா தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். சம்பந்திதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

"இன்னும் இல்லக்கா. ஜெபத்துல வெச்சுக்குங்க."