நிறுத்து மேடத்தின் ஏழாம் பாடம்

திண்டுக்கல் ஜில்லாவில் கம்ப்யூட்டரோடு சண்டை போட்டு ஜெயித்த ஒரே மனுஷி எங்கள் ‘நிறுத்து மேடம்’தான். ஊரை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் புள்ளியியல் நடத்தினார், நான் தமிழ் நடத்தினேன்.

வகுப்போடு பாடமெல்லாம் வீடியோவாகவும் வர ஆரம்பித்த பிறகு, அதிலும் மேடம் வகுப்பறைப் பழக்கத்தை விடவில்லை. பலகையில் கணக்கை எழுதிவிட்டு கேமராவை முறைப்பார்.

“ஏலே அப்பு, இங்க வீடியோவ நிறுத்து. செத்த நேரம் நீயே போட்டுப் பாரு. வரலன்னா மட்டும் எங்கிட்ட வா.”

அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டு டிவியும் நின்றுபோகிறது என்று பையன்கள் சத்தியம் செய்வார்கள்.

இந்த நேரத்தில் நிர்வாகம் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதை இனி வீடியோக்கள் இருக்கும் இணையதளமே சொல்லிவிடும். மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று கணக்கெடுத்து மாதாமாதம் தரவரிசை வரும். கடைசியில் நிற்பவருக்கு ஒப்பந்தம் நீளாது. மேடம் ஒப்பந்த ஆசிரியர். முதல் மாதமே அவர்தான் கடைசி.

தரக்குழுப் பொறுப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். நான் துணைக்குப் போனேன்.

“மேடம், உங்க வீடியோவ பசங்க பாதியிலயே நிறுத்திடுறாங்க.”

“நாந்தான சார் நிறுத்தச் சொல்றேன்.”

“நிறுத்துனா போரடிக்குதுன்னு சிஸ்டம் எடுத்துக்கும்.”

“அவன் நோட்டுல கணக்குப் போடுறத உங்க சிஸ்டம் பாக்குமா?”

“அது பாக்காது.”

“பாக்காததுக்கு எப்படி சார் மார்க்குப் போடுது?”

பொறுப்பாளர் வேறு வழி சொன்னார். “அந்த ‘நிறுத்து’ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துட்டீங்கன்னா...”

“வேலைய வேணா எடுத்துக்கங்க. அத எடுக்க மாட்டேன்.”

வெளியே வந்தோம். மேடம் கேன்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டே, “சிஸ்டத்துக்கு என்னதான் பிடிக்கும்னு பாத்துருவோம் சார்” என்றார்.

அவருடைய அண்ணன் ஆட்டு வியாபாரி. அந்த வாரம் அண்ணனோடு மேடமும் அய்யலூர்ச் சந்தைக்குப் போனார். ஒரு கறுப்புக் கிடா அசை போடுவதை நிதானமாகப் படமெடுத்தார். உண்மையான ஏழாம் பாடத்தை வகுப்பில் நடத்தி முடித்துவிட்டு, கிடாவை ‘நிகழ்தகவு, பாடம் ஏழு’ என்று இணையதளத்தில் ஏற்றினார்.

பையன்கள் கண் எடுக்காமல் பார்த்தார்கள். விடுதியில் கூட்டமாகப் பார்த்தார்கள். நத்தத்தில் ஒரு மாணவியின் அப்பா பல்லைப் பார்த்து கிடாவின் வயசையே சொன்னாராம்.

அடுத்த மாதம் மேடம் முதலிடம். வீடியோவை நிர்வாகத்தில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் துணைவேந்தர் பாராட்டிப் பேசி, அந்தப் பாடத்தைத் திரையில் போடச் சொன்னார். கிடா வந்தது. மென்றது. சபையே பார்த்தது. பொய் சொல்வானேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“என்னம்மா இது?” என்றார் துணைவேந்தர்.

“முதலிடம் சார். நடுவுல ஒருத்தன்கூட நிறுத்தல. போட்டுப் பாக்க அதுல ஒண்ணுமில்லல்ல.”

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். மேடம் எழுதவில்லை. “இணையதளத்துல இருக்க அம்புட்டுக் கணக்கையும் எங்கிட்ட குடுங்க, நான் பாக்குறேன்” என்று பதிலுக்குக் கேட்டார். எப்படியோ கொடுத்துவிட்டார்கள். அலசிக்கொண்டு போய் துணைவேந்தர் முன்னால் நின்றார்.

“நிறுத்தி நிறுத்திப் பாத்த புள்ளைகதான் பரிச்சையில புதுக் கணக்க ஒழுங்காப் போட்டுருக்குக. ஆனா அது என்னாலதான்னு சொல்ல மாட்டேன் சார். கெட்டிக்காரப் புள்ளைகளே நிறுத்திப் பாத்திருக்கலாம். நீங்க வகுப்புல வந்து உக்காருங்க. புள்ளைககிட்ட கேளுங்க. பெறகு சொல்லுங்க, நான் வாத்தியாரா இல்லையான்னு.”

துணைவேந்தர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேடம் அவரையும் விடவில்லை. “சார், நீங்களும் போட்டுப் பாருங்க.” அவர் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்த்ததை நான் சன்னல் வழியே கண்டேன்.

தரவரிசையை வைத்து ஆளை அனுப்பும் வழக்கம் அந்தப் பருவத்தோடு நின்றது. மேடத்தின் ஒப்பந்தமும் நீண்டது. கிடாவுக்குத் தண்டனையாகச் சம்பள உயர்வை மட்டும் பிடித்துவிட்டார்கள். “போகுது போங்க” என்றார் மேடம்.

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்லூரி அவரைக் கூப்பிட்டிருக்கிறது. “போகவா சார்?” என்று கேட்டார். நல்ல இடம், போங்க மேடம் என்றேன். “யோசிக்கிறேன்” என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஞாபகப்படுத்துவதில்லை.