கட்டைவிரலும் ஒரு கூடை மங்குஸ்தானும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாயிருக்க விழைகிறேன். என் சௌக்கியத்தை எழுதலாமென்றால், நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. கட்டுப்போட்ட விரலால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க.

தாங்கள் அனுப்பிய மங்குஸ்தான் கூடை வந்து சேர்ந்தது. செரிமானத்துக்கு நல்லது, மேனி மினுமினுக்கும், காய்ச்சல் கிட்டே வராது என்று தாங்கள் போனில் சொல்லச் சொல்ல எனக்கு வாயூறிப்போயிற்று. எப்படித் தின்பது என்று சொல்ல ஆரம்பித்தபோது பார்த்து லைன் போய்விட்டது. விட்டேனா? ஆப்பிள் மாதிரி அப்படியே கடித்தேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, நாக்கு இழுத்துக்கொண்டது. கசந்தால் மருந்துதானே என்று கண்ணை மூடிக்கொண்டு பாதித் தோலை விழுங்கிவிட்டேன். உள்ளே வெள்ளையாக என்னமோ தட்டுப்பட்டது, கொட்டை என்று தட்டில் ஒதுக்கினேன். என் வீட்டுக்காரி வந்து பார்த்து, "அடக் கடவுளே! தின்ன வேண்டியதை ஒதுக்கிட்டு, ஒதுக்க வேண்டியதைத் தின்னுட்டீங்களே!" என்று தலையிலடித்துக்கொண்டாள். பழத்தின் அடியில் பூப்போல எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்று எண்ணிக் காட்டி, அத்தனையையும் அவளே தின்றாள்.

அடுத்ததை நானே பிளக்கிறேன் பேர்வழி என்று வலது கட்டைவிரலைத் தோலுக்குள் குத்தினேன். விரல் கருஞ்சிவப்பாகிவிட்டது. சோப்புக்கு அசையவில்லை. மறுநாளோ, ஓய்வூதிய அலுவலகத்தில் நான் உயிரோடிருக்கிறேன் என்று வருடாவருடம் கைரேகை வைக்க வேண்டிய நாள்! பயத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தேய்த்தேன். கறை போயிற்று சம்பந்தி, கூடவே தோலும் போயிற்று.

மெஷினில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு. "ஐயா, நீங்க இல்லையாம்," என்றாள் ஜன்னலுக்குள் இருந்த பெண்.

"உன் எதிர்லதானேம்மா நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. மெஷின் ஒத்துக்கலையே. மாசக் கடைசிக்குள்ள சரியான விரலோட வாங்க."

எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளிப்போய் நின்றார். சரியான விரலுக்கு நான் எங்கே போவேன்? தேய்ந்த ரேகை அதற்குள் வளருமா? வளர்ந்தாலும் என் ரேகையாகவே வளருமா? கண்ணாடி பார்க்கவே பயமாயிருக்கிறது. வீட்டுக்காரியிடம் புலம்பினால், "உங்களுக்கப்புறம் எனக்குப் பாதி பென்ஷன் வருமில்ல, போதும், சாப்பிட வாங்க," என்கிறாள். சாப்பாட்டில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தேன். இல்லாதவனுக்கு உப்பென்ன, உறைப்பென்ன?

தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, நான் இருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் மருமகளிடம் மூச்சு விடாதீர்கள், என் மகள் தாங்கமாட்டாள். அந்தப் பழத்தை இனி என் கண்ணில் காட்டாதீர்கள். பெரியவர்களுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், என் ஆசி இன்னும் செல்லுபடியாகுமானால்.

இப்படிக்கு,
இதை எழுதும்வரை இருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: அண்ணா, ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்டே கொடுத்தார், நான் படிச்சுட்டேன். போன வருஷம் அவர் வலது விரல் கதவிடுக்கில மாட்டிக் கட்டுப் போட்டிருந்துச்சு. அதனால அங்க பதிஞ்சு வெச்சது இடது விரலைத்தான், அவருக்கு அது மறந்தே போச்சு. அது நல்லாத்தான் இருக்கு. மாசக் கடைசிக்கு நானே கூட்டிட்டுப் போறேன், நீங்க அலைய வேணாம். அதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணமான நாள்லேருந்து இப்பத்தான் மனுஷன் குறை சொல்லாம சாப்பிடறார், துணி மடிச்சு வைக்கிறார், பயத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கறார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுமே. பழம் தீர்ந்துபோச்சு, இன்னொரு கூடை அனுப்புங்க.