இடியப்பம் சாப்பிட்ட மன்னன்

“செத்த ராசாவப் பத்தி எழுதி, உசிரோட இருக்கிற உனக்கு என்ன புள்ள கிடைக்கப் போகுது?”

அப்பாவின் தங்கை, அடுத்த வீட்டு வளவில் இருக்கும் என் மாமி, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே இதைக் கேட்டா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (அந்தப் பெருமை தலையில் வைத்த தண்ணீர்க் குடம் மாதிரி. சிந்திவிடக் கூடாதென்றே கழுத்தை நிமிர்த்தி நடந்து திரிந்தேன்.) பதில் சொன்னாலும் மாமிக்கு விளங்காது என்று நினைத்தேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கிடைக்கப் போவது சின்ன விஷயமல்ல. எங்கள் ஊர், வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. கிழக்கே எழுவான்கரையில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தோணியில் போய்வருவேன். அங்கே பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே விடுதியில் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் இலவச இடம் உண்டு. அது யாருக்கு என்பதை ஒரு கட்டுரையை வைத்துத் தீர்மானிப்பதாகத் தலைமையாசிரியை, அதாவது எங்கள் பெரிய மிஸ், சொல்லிவிட்டார். தலைப்பு: ‘நீர் அறிந்த நாடகமொன்றின் அவல நாயகனுடைய வீழ்ச்சியை ஆராய்க.’

மற்றப் பிள்ளைகள் பாடப்புத்தக நாடகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. என் அவல நாயகன் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அந்த நேரம் வட்டையில் (எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்கு அதுதான் பெயர்) வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஊர்க் கூத்தில் மாணிக்கசேன மன்னன் அவர்தான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லச் சொல்ல, அத்தனை பாட்டையும் காதால் வாங்கியே பாடமாக்கியிருந்தார். (நான் எட்டு வரிச் செய்யுளுக்கு மூன்று நாள் எடுப்பேன், அதிலும் ஆறாம் வரி எப்போதும் காணாமல் போகும்.)

கதை இதுதான். கோட்டைக் கதவை யார் திறந்தாலும் தலை போகும் என்று மன்னன் சபையில் சத்தியம் செய்கிறான். காயத்தோடு தண்ணீர் கேட்டு நின்ற எதிரி ஒருவனுக்கு இரங்கிக் கதவைத் திறப்பவன் மன்னனின் சொந்தத் தம்பி. மன்னன் சொல்லை மாற்றவில்லை. தம்பியின் தலை போனபின் தனியே போருக்குப் போகிறான். கூத்தாடும் களரியின் நடுவே முடியைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு விழுகிறான். அப்பா விழும்போது சுற்றியிருக்கும் சனம் முழுவதும் ஒன்றாய் மூச்சை இழுக்கும். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வீட்டில் தைலப் போத்தலைக் காணவில்லை என்று கத்துகிற மனிதரா இவர் என்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

பெருமை, பிழை, வீழ்ச்சி, தன்னை உணர்தல் என்று நாலாகப் பிரித்துத் திட்டம் போடச் சொல்லியிருந்தார் பெரிய மிஸ். பெருமையை ஒரே மூச்சில் எழுதினேன். பிழையில் பேனா நின்றுவிட்டது. நேரே வட்டைக்குப் போனேன்.

“அப்பா, மாணிக்கசேனன் செய்த பிழை என்ன?”

மண்வெட்டி பாதியில் நின்றது. “ராசாவில பிழையா? ஆர் சொன்னது?”

“பெரிய மிஸ். பிழை இருந்தாத்தான் அவல நாயகன்.”

“அவர் சொன்ன சொல்லு மாறாத மனுசன் புள்ள.”

“அதாலதானே தம்பி செத்தது?”

“ஓம்.”

“அவரும் செத்தது அதாலதானே?”

“ஓம்... அதுக்கு?”

“அப்ப அந்தக் குணம்தான் பிழை!”

சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்க்கலாம் போலிருந்தது. ஒருவனைப் பெரியவனாக்கியதே அவனை விழுத்தவும் செய்கிறது! அப்பாவோ என்னைக் கவலையோடு பார்த்தார். “நல்ல குணத்தைப் பிழையெண்டா உங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாங்க? கவனமா இரு மகள்.”

அத்தோடு நிறுத்தியிருந்தால் இடம் எனக்குத்தான். ஆனால் நாலு பகுதி எனக்குப் போதவில்லை. எங்கள் ஊரில் மன்னன் விழுந்ததும் கூத்து முடிவதில்லை. அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள் காலை, ஆடினவர்கள் அதே உடுப்போடும் மத்தளத்தோடும் வீடு வீடாய் வந்து முற்றத்தில் ஆடுவார்கள். அதை விட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடுமே! ஐந்தாம் பகுதி ஒன்றைச் சேர்த்து, என்னிடமிருந்த அழகான சொற்களை எல்லாம் அதில் கொட்டினேன்.

பெரிய மிஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பகுதியை வகுப்பின் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: “‘மறுநாட் காலை, மாண்ட மன்னர் என் மாமியின் முற்றத்தில் எழுந்தருளி, நான்கு இடியப்பங்களை உண்டு, மேலும் இரண்டு கேட்டார்.’”

வகுப்பு வெடித்தது. பின்வரிசை வாங்கில் ஒருத்தி சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

“செத்த மன்னன் இடியப்பம் சாப்பிட்டானா?”

எழுந்து நின்றேன். “ஓம் மிஸ். எல்லாமா ஆறு. நான் எண்ணினனான்.”

(இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: “செத்தவன் ஏன் பிள்ளை திரும்ப வரவேணும்?” வருடாவருடம் வந்தார், பார்த்தேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “நாடகம் எங்கே முடிகிறதென்று தெரியாதவள் அதை எப்படி ஆராய்வாய்?” என்றார். இடம் இன்னொருத்திக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாமி நடந்ததைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டா, இடம் போனதற்காக அல்ல. “ஆறெண்டா எழுதினாய்? எட்டுப் புள்ள! நான்தானே வைச்சது?”

அப்போதுதான் வட்டையிலிருந்து வந்து நின்ற அப்பாவிடம் திரும்பினேன். “செத்தபிறகு ஏனப்பா வீட்டுக்கு வாறது?”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார். “உன்ட மாமி விடியுமட்டும் அழுதவள். அப்பிடி அழுத சனத்தை விட்டிட்டு நான் போய்ப் படுக்கேலுமா? ராசாதான் செத்தது, நான் நல்லா இருக்கன் எண்டு காட்ட வேணாமா?”

மாமி சுளகைக் கீழே வைத்துவிட்டா.

அந்த மனிதரின் முகத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலிருந்தது. ஊரை அழவைத்தவருக்கு அந்த அழுகையை ஆற்றுகிற கடமையும் உண்டு. இதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் திட்டம் போட்டு, கோடு கீறி, தலைப்பிட்டு எழுதிய கட்டுரையில் இல்லாத ஒரேயொரு வசனத்தை, காலில் சேறு காயாமல் நின்று சொல்லிவிட்டார்.

அதை அரைப் பக்கமாக எழுதி, அடுத்த நாள் பெரிய மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். நின்றபடி இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“விடுதி இடம் குடுத்தாச்சு. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி நான் கடிதம் தரலாம். ஆனால் தினமும் போய்வரவேணும். உன்னால் ஏலுமா?”

“ஏலும் மிஸ்.” (வீட்டில் கேட்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.)

இரண்டு வருடம் தோணியிலும் பஸ்ஸிலுமாகப் போய்வந்தேன். எங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டுக்குப் பிந்தி வந்தால், “மாண்ட மன்னர் எழுந்தருளிட்டார், கணக்கை எழுதச் சொல்லுங்க அவளை” என்று மாமி இன்றும் கூவுவா. முதலில் சிரிப்பது அப்பா.

எச்.எஸ்.சி. சோதனைப் பெறுபேறு வந்தாயிற்று. பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போன கிழமை நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘வேளாண்மை, கூத்து’ என்று எழுதினேன். கோடு போதாமல் கடைசி எழுத்து வெளியே போய்விட்டது. அப்படியே மடித்து உறையிலிட்டு, தபாற்கந்தோரில் நானே நீட்டி, முத்திரை குத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தேன்.