கொடி காத்த கமிட்டி

மனிதன் நாகரிகம் அடைந்தது துணி உடுத்திய அன்று அல்ல. அதைத் துவைத்துக் காயப்போட்ட அன்றுதான். இந்த மகத்தான உண்மையை உலகுக்கு உணர்த்தும் பொறுப்பு எங்கள் சிப்பிச் சந்துக்கு வாய்த்திருக்கிறது. தினமும் பஸ் நிறையப் பயணிகள் 'பாரம்பரிய நடை'க்கு வருகிறார்கள். கையில் ஒரு கொடியோடு வழிகாட்டியாகிய நான் முன்னால் நடப்பேன். தலைக்கு மேலே இன்னொரு கொடி, அதில் துணிகள். கையில் இருப்பது பிழைப்பு. மேலே இருப்பது பண்பாடு.

ஆரம்பத்தில் அந்தக் கொடியில் சந்துக்காரர்களின் சொந்தத் துணிகளே தொங்கின. அந்த அவலத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பயணிகள் எடுத்த படங்களில் எல்லாம் சியூ அண்ணனின் பூப்போட்ட நீள உள்ளாடை விழுந்தது. பாரம்பரியப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவர் பூன் உடனே கூட்டம் போட்டு, 'தனிநபர் உள்ளாடைகள் தொன்மைக்கு ஊறு' என்று தீர்மானம் நிறைவேற்றினார். கொடி காலியானது. மறுவாரமே பயணிகள், "இங்கே யாரும் குடியில்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கமிட்டி மறுபடி கூடியது. 'அதிகாரபூர்வச் சலவை' பிறந்தது: கருநீல நைலானில் தைத்த புராதன உடைகள். மழையில் நனையாது, துவைக்கவும் வேண்டாம். சந்துக்காரர்கள் தங்கள் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டுக்கொள்ள முழுச் சுதந்திரம் வழங்கப்பட்டது.

அப்போது பார்த்துத் தென்காற்று திரும்பியது. எங்கள் பக்கத்தில் தென்காற்று வந்தால் சுவர் வியர்க்கும், தரை வழுக்கும், தலையணையில் பூஞ்சணம் பூக்கும். வீட்டுக்குள் போட்ட துணி காயாது, காய்ந்திருந்ததும் ஈரமாகும்.

அந்த ஈரத்தில்தான் சியூ அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் பெற்றோர், லாய் தம்பதி, மலைப்பக்கத்துக்காரர்கள். "பொண்ணு வீட்டு மனுஷங்களைப் பார்த்துட்டுதான் சம்மதம்" என்று சொல்லியிருந்தார்கள். வருவதுதான் வருகிறோம், மதியச் சாப்பாடும் சேர்த்தி என்று என் குழுவிலேயே சீட்டு வாங்கிவிட்டார்கள்.

அன்று காலை சியூ அண்ணன் சொட்டச் சொட்ட ஒரு பேன்ட்டோடு ஓடி வந்தார்.

"தம்பி, வெயில் தலைகாட்டுது. பஸ் வர்றதுக்குள்ள இதை ஒரு ஓரமா கொடியில போட்டுக்கறேன். தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். இருக்கற நல்ல பேன்ட்டே இதுதான்."

தலைவர் அங்கேயே, புராதனத்தின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எந்தக் காலத்துப் பேன்ட் அது?"

"போன வருஷம் வாங்கினதுங்க" என்றேன்.

"அப்ப பாரம்பரியம் ஆகாது."

"கொடியில இருக்கறதும் போன வருஷம் தைச்சதுதானே தலைவரே?"

"அது போன வருஷம் தைச்ச நூறு வருஷப் பழசு! வித்தியாசம் தெரியாம நீயெல்லாம் ஒரு வழிகாட்டி!"

எனக்கு அந்த நுட்பம் புரிந்தது. சியூ அண்ணனின் மனைவி யூட் அக்காவுக்குப் புரியவில்லை. தலைவர் டீ குடிக்கப் போனதும் மூங்கில் கழியால் கொடியிலிருந்த நீல உடையில் ஒரு ஜோடியை இழுத்துப் போட்டார்.

"உள்ளாடை ஈரமா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? மேல இதை மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. சம்பந்தி முன்னாடி மானமா நிக்கணும்."

பஸ் வந்தது. குழுவோடு லாய் அம்மாளும் வாசலில் நின்றவரை வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்.

"அச்சு அசலா இருக்காரே! பொண்ணோட அப்பாவும் இப்படித்தான் இருப்பாரோ?"

"நான்தாங்க அப்பா!" என்றார் சியூ அண்ணன்.

குழுவே கைதட்டியது.

"என்னமா நடிக்கிறான்யா!" என்றார் லாய் ஐயா.

"நடிப்பு இல்லீங்க சம்பந்தி! உள்ள வாங்க, டீ சாப்பிடலாம்."

"டீயும் டிக்கெட்டுல சேர்த்தியா?" என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

"சத்தியமா அவருதாங்க அப்பா" என்றேன்.

"வந்ததுலேருந்து நீ சொன்னதுல எதைத்தான் நாங்க நம்பினோம்? நிஜப் பொண்ணு வீட்டுக்காரங்க எங்கே? வாங்கன்னு சொல்லக்கூட ஆளில்ல. ஏங்க, வாங்க, போயிடலாம். இந்தச் சம்பந்தமே வேணாம்."

சியூ அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அழறதுகூட தத்ரூபம்!" என்று யாரோ பின்னாலிருந்து பாராட்டினார்கள்.

அந்த நேரம் தலைவர் பூன் வந்து சேர்ந்தார்.

"யோவ்! பாரம்பரியத்தைக் கழட்டுய்யா!"

"தலைவரே, சம்பந்திங்க நிக்கறாங்க..."

"யாரு நின்னா என்ன? கமிட்டிச் சொத்து. கழட்டு!"

கழற்றினார். பூப்போட்ட உள்ளாடையில், தண்ணீர் சொட்ட, நடுச்சந்தில் நின்றார். குழு இரண்டடி பின்வாங்கியது. லாய் அம்மாள் மட்டும் மெல்லக் கிட்டே போய் அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"ஈரம்! ஏங்க, நிஜமான ஈரம்! நடிக்கிறவன் எவனாவது இப்படி நனைஞ்சதைப் போட்டுக்கிட்டு நிப்பானா? இவரு நிஜ மனுஷன்தாங்க!"

லாய் ஐயா வெட்கத்தோடு தன் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். உள்ளே அதே பூ, அதே ஈரம்.

"சம்பந்தி!" என்று இருவரும் கட்டிக்கொண்டார்கள். துணி பிழியும் சத்தம் கேட்டது. கல்யாணம் நிச்சயமானது. நானும் அழுதுவிட்டேன், என் கைக்குட்டையும் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

தலைவர் பூன் அந்த நைலானை உதறிக் கொடியில் மாட்டி, மடிப்பை நீவிவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சம் ஓரமாப் போய் கட்டிப்பிடிங்க. படத்துல விழறீங்க."

தென்காற்று இன்னும் ஓயவில்லை. சந்து முழுக்க ஈரம். துளி ஈரம்கூட ஒட்டாமல் இருப்பது கொடியில் தொங்கும் அந்த நீல உடையும், அதைக் காக்கும் கமிட்டியின் நெஞ்சும்தான்.