நன்றியின் பொருள் சொல்பவர்

பண்டிகை வந்தால் சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். அது ஏன் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைச் சாப்பிட விடுவேன் என்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் முதல் தரம், நம் காப்பீட்டு அலுவலக மேலாளர். "ஆதிகாலத்துல..." என்றுதான் வாயைத் திறப்பார் என்பதால், மைத்துனன் அவருக்கு வைத்த பெயர் ஆதிகாலம்.

அன்று அறுவடைக்கு நன்றி சொல்லும் விடுமுறை. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனைவி, எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தாள். மாமியாரின் கை கரண்டிக்குப் போயிற்று.

"கொஞ்சம் இருங்க அத்தை. இந்த நாள் எதுக்குன்னு தெரியுமா?"

தெரியும் என்றால் தப்பிக்கலாமா? நடக்காது. தெரிந்ததெல்லாம் தப்பு என்று அங்கிருந்து ஆரம்பிப்பார்.

மனிதன் முதல் விதையை ஊன்றியதில் தொடங்கி, மழைக்கு நன்றி, மண்ணுக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, உழுத மாட்டுக்கு நன்றி, அந்த மாட்டை முதன்முதலில் மடக்கிப் பிடித்தவனுக்கும் நன்றி என்று அவர் வந்து சேர்வதற்குள், குழம்பில் ஆடை படிந்தது, மைத்துனன் கொட்டாவி விட்டு ஓய்ந்தான், மாமியாரின் கை இரண்டு தடவை கரண்டிவரை போய்த் திரும்பியது.

"மாப்பிள்ளை, சர்க்கரை மாத்திரை போட்டுட்டேன்..."

"ஒரே நிமிஷம் அத்தை. நன்றிங்கறது வெறும் வார்த்தை இல்ல. அது வந்து..."

இருமல் வந்தது. மனைவி தண்ணீரை நகர்த்தினாள். அவள் பக்கம் திரும்பாமலே குடித்து, டம்ளரை வைத்துவிட்டு, "எங்க விட்டேன்?" என்றார்.

"நன்றியைத்தான் விட்டுட்டீங்க" என்றாள் அவள்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மைத்துனனுக்குப் புரை ஏறியது. மாமியார் சிரித்துக்கொண்டே தன் தட்டில் போட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார். ஆதிகாலத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் காது சிவந்தது. கரண்டியை எடுத்தார், மனைவிக்குப் பரிமாறினார், பாதி தட்டில், பாதி மேசையில். நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு:

"நன்றிங்கற சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னா..."

அவள் ஒரு கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்து அடைத்தாள்.

மென்றார். விழுங்கினார். "நல்லாருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து, விளக்கவுரை இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தேநீர் வந்து உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன, தானாக நடந்தா வந்தது?