ஒரு ராத்திரி கிடந்தால் சரியாகிவிடும்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்த அனில்குமார், கணினித் திரையைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் தலையில் மாட்டிக்கொண்டார்.

"ஆதிரா, இதென்ன?"

"பிழை சார்."

"அது தெரியுது. சனிக்கிழமை சாயங்காலம் நான் போகும்போ இருந்த பிழை. அது இப்பமும் எப்படி இருக்கு?"

"யாரும் திருத்தல்லியே சார். பின்ன இருக்காதா?"

அனில்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆதிரா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவருடைய தொழில் முறை அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

நாகர்கோவில் வடசேரியில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த அவருடைய கம்பெனிக்கு ஒரே ஒரு சரக்குதான். 'ஓலை' என்ற மென்பொருள். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு ஃபைல் அனுப்பும். புதுக் கணினிகளுக்கு இது பெரிய காரியமே இல்லை. ஆனால் இருபது முப்பது வருடப் பழைய யூனிக்ஸ் இயந்திரங்களைக் கழித்துப்போட மனமில்லாமல் வைத்திருக்கும் கம்பெனிகள் உலகத்தில் இன்னும் நிறைய உண்டு. யூனிக்ஸ் என்பது பேருக்குத்தான் ஒன்று. சோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யுஎக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று ஆளுக்கொரு விதமாகச் செய்து வைத்திருந்தார்கள். 'ஓலை'யின் நிரலை அந்தந்த இயந்திரத்துக்குக் கொண்டுபோய், அதற்குப் புரியும்படி கம்பைல் செய்ய வேண்டும். ஒன்று தலையாட்டும் வரியைப் பார்த்து இன்னொன்று சண்டைக்கு வரும்.

அனில்குமாரிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. மாலை ஆறு மணிக்கு எத்தனை பிழை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டிலும் அலுவலகத்தோடு இணைத்த ஒரு கணினி உண்டு, ஆனால் ராத்திரி அவர் அதைத் தொட்டதே இல்லை. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆகும். பத்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

"ஒரு ராத்திரி கிடந்தா சரியாயிரும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அப்படியே ஆகும்.

"சார், நேத்து இந்த வரி வேற மாதிரி இருந்துதே?" என்று ஆதிரா ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"நேத்தும் நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். மெஷின்தான் நேத்து சரியா வாசிக்கல்ல" என்று சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு ராத்திரி கிடந்தும் சரியாகவில்லை. அதுவும் எந்த வாரத்தில்? கொச்சியில் ஒரு பெரிய கப்பல் கம்பெனி. பதினோரு துறைமுகங்களில் பதினோரு இயந்திரங்கள். பதினொன்றும் பதினோரு வகை யூனிக்ஸ். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாவற்றிலும் 'ஓலை' ஓடிக் காட்டினால் ஐந்து வருட ஒப்பந்தம். ஓடாவிட்டால் துணிக்கடைக்காரர் மாடியைக் குடோனாக்கிக்கொள்வார். அவர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

"ஒரே ஒரு பிழைதான சார். நாமளே திருத்தலாம்" என்றாள் ஆதிரா.

அனில்குமார் திடுக்கிட்டார். ஆனாலும் வேறு வழியில்லை. சோலாரிஸ் இயந்திரம் தனக்கு இரண்டு நூலகக் கோப்புகள் வேண்டும் என்று கேட்டிருந்தது. அவற்றைச் சேர்த்தார். சோலாரிஸ் வாயை மூடிக்கொண்டது. மற்ற பத்தும் அப்படியொரு கோப்பைக் கண்டதே இல்லை என்று வரிசையாகக் கத்த ஆரம்பித்தன.

ஒரு பிழை பத்தாயிற்று.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கலவரம். அவர் மனைவி சண்முகவடிவு சனிக்கிழமை சாயங்காலம் துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சமையல் இப்போது அனில்குமாருடைய பொறுப்பு.

"இன்னைக்கு ஓலை ஓடிச்சா?" என்று கேட்டாள் வடிவு.

"அத விடு. தீயல் கொழம்புக்குத் தேங்காய எதுவரைக்கும் வறுக்கணும்?"

"செவக்க வறுக்கணும். ஓடிச்சான்னுல்லா கேட்டேன்?"

"பத்து பிழை."

வடிவு மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பத்தா?" என்றாள். அதற்குள் தேங்காய் கரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அனில்குமார் தைரியமாக ஒரு காரியம் செய்தார். 'இது சோலாரிஸ் என்றால் மட்டும் இந்தப் பகுதியைப் படி' என்று நிரலுக்குள் ஒரு நிபந்தனை போட்டார். அப்படிப் போட்டால், அந்தப் பகுதி எங்கே முடிகிறது என்றும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத மறந்துவிட்டார். அதற்குக் கீழே இருந்த நாலாயிரம் வரியும் சோலாரிஸுக்கு மட்டும் என்று ஆகிப்போனது.

திரையில் சிவப்பு எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடின. நிற்கவே இல்லை.

"எத்தனை?" அனில்குமார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நானூத்திப் பன்னெண்டு சார்."

"எல்லா மெஷினுக்கும் சேத்தா?"

"ஒரு மெஷினுக்கு."

ஆதிரா மாலை வரை தேடி அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். அனில்குமார் முடிக்கும் வரியைப் போட்டார். போட்டது ஏழு வரி தள்ளி. அந்த ஏழு வரிதான் ஃபைல் முடிந்ததா என்று பார்க்கிற பகுதி. மற்ற பத்து இயந்திரங்களுக்கும் அது இல்லாமல் போனது. "அந்தப் பகுதி பழசு. அத நான் புதுசாவே எழுதிருகேன்" என்றார். ஆதிரா தண்ணீர் குடித்தாள்.

புதன்கிழமை பதினொரு இயந்திரங்களிலும் கம்பைல் ஆகிவிட்டது. அனில்குமார் பழம்பொரி வாங்கி வரச் சொன்னார்.

கப்பல் கம்பெனியின் இயந்திரத்தில் முதன்முதலாக ஓட்டி மானம் போக வேண்டாம் என்று, புது 'ஓலை'யை ஹசனுடைய இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். ஹசன் குளச்சலில் கருவாடு ஏற்றுமதி செய்கிறவர். அனில்குமாருக்கு அண்ணன் மாதிரி, 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். துபாயில் ஒரு வங்கி கழித்துப்போட்ட ஏஐஎக்ஸ் இயந்திரத்தைக் கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். அனுப்பும் ஃபைல் நேராக அவருடைய பிரிண்டரில் அச்சாகும். 'வணக்கம், இது சோதனை' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, அனில்குமார் பழம்பொரியைக் கடித்தார்.

போன் அடித்தது.

"எடே அனிலு, நீ வணக்கம்னு அனுப்பினியா?"

"ஆமா காக்கா. வந்துதா?"

"வந்துது. வணக்கத்துக்குப் பொறவு ஒரு எழுத்து வருதுடே. வால் நீண்ட எழுத்து, தலைக்கு மேல ரெண்டு புள்ளி. பக்கம் பக்கமா அது ஒண்ணுதான் வருது. எந்த நாட்டுக்காரனாவது என்னைய ஏசுகானா?"

"எத்தனை பக்கம் வந்துது?"

"எனக்க பொண்டாட்டி மைமூன் பீவி எண்ணிட்டு இருக்கா. முந்நூறு தாண்டியாச்சி. நாளைக்குக் கப்பல்ல போவ வேண்டிய பில்லுக்கு வச்சிருந்த தாளுடே!"

"பிரிண்டர நிறுத்துங்க காக்கா!"

"நிறுத்தினேன். திரும்பப் போட்டா விட்ட இடத்துலேந்து அடிக்குது!"

அனில்குமார் பழம்பொரியைக் கீழே வைத்தார். ஆதிரா நிரலைப் பார்த்துச் சொன்னாள். "சார், ஃபைல் முடிஞ்சா மைனஸ் ஒண்ணு வரும். நீங்க அத வாங்குகதுக்கு வச்சிருக்க இடத்துல, ஏஐஎக்ஸ்ல மைனஸ் எண் நிக்காது. முடிஞ்சதே அதுக்குத் தெரியாது. அதான் நிக்காம ஓடுது."

"மைனஸ் நிக்குக மாதிரி மாத்திருவோம்."

"சார், ஒரு நிமிசம், அப்படிச் செய்தா..."

மாற்றிவிட்டார்.

வியாழக்கிழமை காலை கொச்சியிலிருந்து ஷாஜன் போன் செய்தார். கப்பல் கம்பெனியில் இந்த வேலைக்குப் பொறுப்பானவர்.

"மிஸ்டர் அனில்குமார், நாளைக்கு சேர்மனும் உட்காருகாரு. அவரோட போட்டோவையே பதினோரு மெஷினுக்கும் அனுப்பிக் காட்டுங்க. சந்தோஷப்படுவாரு."

போட்டோவை அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தது. பதினோரு இயந்திரத்திலும் சேர்ந்தது. ஃபைலின் அளவு பூஜ்யம்.

"என்னட்டி இது? சேர்மன் எங்க?"

"அதத்தான் சார் நேத்துச் சொல்ல வந்தேன். போட்டோ ஃபைலுக்க முதல் எழுத்தே, மைனஸ் ஒண்ணு மாதிரி தெரியுக எழுத்து. ஆரம்பிக்கும்போதே முடிஞ்சிட்டுன்னு நினைச்சி நின்னுருது."

"நேத்து நிக்கவே மாட்டேன்னுது. இன்னைக்குக் கிளம்பவே மாட்டேங்குதா!"

அதன்பிறகு சாயங்காலம் வரை அவர் கை வைத்த இடமெல்லாம் உடைந்தது. மூன்று மணிக்கு இரண்டு இயந்திரங்களில் கம்பைலே ஆகவில்லை. நாலு மணிக்கு ஏழு. ஐந்து மணிக்குத் துணிக்கடைக்காரர் மேலே வந்து, ஜன்னல் அளவை மட்டும் எடுக்க விட்டுப்போயிற்று என்றார். ஆதிரா திருவனந்தபுரத்தில் இருக்கும் தோழிக்கு வேலை விஷயமாக மெசேஜ் அனுப்புவதை அனில்குமார் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். ஷாஜனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்து 'மதிப்பிற்குரிய' என்பதோடு நிறுத்திவிட்டார்.

வீட்டில் வடிவு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இப்ப எந்த இடத்துல நிக்குது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது வடிவு."

"சொல்லுங்க. சும்மா கேக்கத்தான செய்யுகேன்."

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. மைனஸ் ஒன்று, நூலகம், மூடாத நிபந்தனை, சேர்மனின் போட்டோ எல்லாவற்றையும் கொட்டினார். வடிவு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அவ்வளவுதான்" என்றார் அனில்குமார். "கம்பெனிய மூடவேண்டியதுதான். பத்து வருசம் நமக்குக் கைவந்த வேலை, ஒரே வாரத்துல விட்டுப் போயிட்டு. அதுதான் என்னால தாங்க முடியல்ல."

"சாப்பிட்டுட்டுப் படுங்க. நாளைக்குப் பாப்போம்" என்றாள் வடிவு. அவர் வைத்த ரசத்தை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் குடித்தாள். அவள் அப்படிக் குடித்தது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு விழித்தார். மண்டைக்காட்டுப் புதூரிலிருந்து மீன் கொண்டுவரும் செசிலி அடுக்களையில் இருந்தாள். வடிவுக்குக் கை முடியாததால் இந்த வாரம் விடியற்காலையிலேயே வந்து மீனையும் வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வடிவு பக்கத்தில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அவளை எழுப்பாமல் அனில்குமார் கிளம்பினார். தோற்றுப்போனதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டார்.

மாடிப்படியிலேயே ஆதிரா எதிரே ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னட்டி, ஆயிரம் தாண்டியாச்சா?"

"சார்... ஒண்ணுகூட இல்ல!"

"என்ன ஒண்ணுகூட இல்ல?"

"பிழை! பதினொண்ணுலயும் கம்பைல் ஆச்சி. நான் மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். சேர்மன் முழுசா வந்துட்டாரு!"

அனில்குமார் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஓடினார். திரையில் பதினோரு வரிசை. பதினொன்றும் பச்சை. பதினோரு மணிக்கு வீடியோவில் ஷாஜனும் சேர்மனும் பார்த்துக்கொண்டிருக்க, சேர்மனின் படம் துறைமுகம் துறைமுகமாகப் போய் இறங்கியது. சேர்மன் தன்னைப் பதினோரு தடவை பார்த்துப் பதினோரு தடவையும் சிரித்தார். ஒப்பந்தம் உறுதியாயிற்று. ஹசனுடைய இயந்திரத்திலும் புது 'ஓலை'யைப் போட்டுக் கொடுத்தார்கள். "இப்பம் வணக்கத்தோட நின்னுட்டு அனிலு!" என்று அவர் போனில் கூவினார்.

"பாத்தியா ஆதிரா" என்றார் அனில்குமார். பழைய குரல் திரும்பியிருந்தது. "இந்தத் தடவ அஞ்சாறு ராத்திரி கிடக்க வேண்டி வந்துட்டு. அவ்வளவுதான்."

ஆதிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு கிலோ லட்டோடு வீட்டுக்குப் போனார். பெட்டியோடு உள்ளே போய்ப் பார்த்தால் வடிவு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். மதிய விற்பனையை முடித்துத் திரும்பும் வழியில், வடிவு அக்காவுக்குச் சோறு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று செசிலி வந்து பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் தாங்காமல் அனில்குமார் அவள் கையில் இரண்டு லட்டு வைத்தார்.

"செசிலி, ஜெயிச்சாச்சி! பதினோரு மெஷின்! உனக்குச் சொன்னா இதெல்லாம் புரியாது."

செசிலி லட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே தூங்கும் வடிவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பத்து வருசமா காலம்பற நான் மீனு கொண்டு வரும்பெல்லாம் அக்கா உங்க கம்ப்யூட்டருக்க முன்னால இருந்து உங்க தப்பத் திருத்திட்டுத்தான் இரிக்கும் சாரே, இன்னைக்குக் கை ஒடிஞ்சி கிடக்கதுனால அது சொல்லச் சொல்ல நானாக்கும் தட்டினேன், மத்ததெல்லாம் சட்டுன்னு கிட்டிச்சி, அந்த வளைஞ்ச அடைப்பு ரெண்டும் கீபோர்டுல எங்க கிடக்குன்னு தேடத்தான் பாடுபட்டுப் போனேன்!"