முகூர்த்தத்துக்குக் கறுப்புப் பட்டு

கணினி தப்பு செய்யாது, உட்கார்ந்து தட்டுகிறவன்தான் செய்வான் என்பார்கள். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அதுவும் முழு மனதோடு இல்லை.

பைத்தான் நிரல்மொழி கற்ற புதிதில், காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த மாமாவுக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். ஆர்டரில் எது மாறினாலும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போய்விடும். லேப்டாப்பில் சோதனை, சர்வரில் நிஜம். இரண்டுக்கும் தனித்தனி செட்டிங்ஸ் கோப்பு வேண்டும் என்று நான் படித்த புத்தகம் கடைசி அத்தியாயத்தில் சொல்லியிருந்ததாம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டியதை! நானோ ஒரே கோப்பில், சோதனை ஆர்டரா நிஜ ஆர்டரா என்று சொல்லும் இரண்டு வரிகளை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை ‘நிஜம்’ என்றிருந்ததை மாற்ற மறந்தேன். சோதனைதானே என்று முதல் ஆர்டரைத் திறந்து, நிறம் ‘கறுப்பு’, நிலை ‘நூல் அறுந்தது’ என்று அடித்துச் சேமித்தேன். அது வேலூர்க்காரர் ஒருவர் மகளுக்குச் சொல்லியிருந்த முகூர்த்தப் புடவை. (கல்யாண வீட்டில் ‘அறுந்தது’ என்று யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் எழுதியே அனுப்பினேன்.) ஆர்டரில் சம்பந்தியின் முகவரியும் இருந்ததால் அவருக்கும் ஒரு பிரதி.

மதியமே பெண்ணின் அப்பா காரில் வந்து இறங்கினார்.

“ன்னாங்க இது? கறுப்பு கட்டிக்கினா எம்பொண்ணு மணையில உக்காருவா? சம்பந்தி கல்யாணமே வேணான்றாரு!”

மாமா அவரை நெசவாளர் வீட்டுக்கே அழைத்துப்போனார். தறியில் அரக்கு நிறப் புடவை பாதி நெய்திருந்தது. நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. மாமாவே சம்பந்தியிடம் போனில் அரைமணி நேரம் கெஞ்சினார். கல்யாணம் பிழைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மாதிரி பாக்கறதுக்கு எவனாவது தறியில ஓடற முகூர்த்தப் புடவைப் பாவுல கைய வெப்பானாடா? அதுக்குனு தனியா ஒரு தறி போடமாட்ட?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாத மனுஷர், நெசவுக்காரர் பாஷையில் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அத்தனை பக்கப் புத்தகத்துக்கு அது தோன்றவில்லையே! அன்றே கோப்பை இரண்டாகப் பிரித்தேன்.

பிரித்து என்ன பயன்? சில வருடம் கழித்து என் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்தேன். கெட்டிமேளத்தையும் மீறி மாமாவின் குரல் வந்தது.

“டேய், இது டெஸ்ட்டு இல்ல! பாத்துக் கட்டு!”

மண்டபமே சிரித்தது. ஆல்பத்தைப் பாருங்கள்: மணப்பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள், ஐயர் சிரிக்கிறார், நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை எடுத்துவிட்டுச் சிரிக்கிறார். நான் மட்டும் முறைத்துக்கொண்டு இரண்டாவது முடிச்சுப் போடுகிறேன்.